உபுண்டு திறக்கப் பத்து நிமிஷம்: புது லேப்டாப் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: பாம்பனில் மீன் வியாபாரம் செய்கிறேன். மகள் ராமநாதபுரத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். அவளுடையது நாலு வருஷத்துப் பழைய லேப்டாப்: விண்டோஸ் 11, 8 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பாடத்துக்காக விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கம்ப்யூட்டருக்குள் இன்னொன்றை ஓட்டும் சாஃப்ட்வேர்) போட்டு, அதற்குள் உபுண்டு 24.04-ஐ (விண்டோஸ் போல இன்னொரு இயங்குதளம்) 2 ஜிபி ராமில் ஓட்டுகிறாள். திறக்கவே பத்து நிமிஷம் ஆகிறது. திறந்த பிறகும் அடிக்கடி உறைந்துவிடுகிறது. கடையில் 60,000 ரூபாய்க்குப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். மீன்பிடித் தடைக்காலம், வரவு இல்லை. கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம் அண்ணே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் கிடக்கிற நேரத்தில் வட்டிக்கு வாங்கும் அளவுக்கு அந்த லேப்டாப் கெட்டுப்போகவில்லை. எது பற்றவில்லை என்று பார்க்காமலேயே புதிது வாங்கச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு ஹார்ட் டிஸ்க் மேல்தான் சந்தேகம்.

மகளை ஒன்று செய்யச் சொல்லுங்கள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தை வைத்துக்கொண்டு, உபுண்டுவை ஓட விடட்டும். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்று, பிராசசர் சும்மா இருந்தால் குற்றவாளி டிஸ்க்தான். விண்டோஸும் உபுண்டுவும் ஒரே ஹார்ட் டிஸ்க்கில் ஒரே நேரத்தில் படிக்கின்றன, எழுதுகின்றன. உபுண்டு 24.04-க்கு 4 ஜிபி ராம் வேண்டும். 2 ஜிபிதான் என்றால் மீதியை டிஸ்க்கில் வைத்து வைத்து எடுக்கும். அதனால் டிஸ்க் இன்னும் திணறும்.

காசு செலவழிக்கும் முன் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உபுண்டு ஓடும்போது விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ் ஓரத்தில், வலது பக்கம், சின்னதாக ஒரு பச்சை ஆமை தெரிகிறதா? தெரிந்தால், விண்டோஸின் ஹைப்பர்-வி (விர்ச்சுவல்பாக்ஸ் செய்யும் வேலைக்கே விண்டோஸில் உள்ள வசதி) குறுக்கே நிற்கிறது என்று அர்த்தம். விர்ச்சுவல்பாக்ஸ் பிராசசரை நேரடியாகப் பயன்படுத்த முடியாமல் சுற்றிப் போகிறது. விண்டோஸ் ஃபீச்சர்ஸில் ஹைப்பர்-வி, விர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம், விண்டோஸ் ஹைப்பர்வைசர் பிளாட்ஃபார்ம் மூன்றையும் எடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யட்டும். ஆமை போகவில்லையென்றால் விண்டோஸ் செக்யூரிட்டியில், கோர் ஐசொலேஷனில் உள்ள மெமரி இன்டெக்ரிட்டிதான் காரணமாக இருக்கும். அது ஒரு பாதுகாப்பு வசதி. கண்ட கண்ட சாஃப்ட்வேரை இறக்கும் பழக்கம் இருந்தால் அந்த வசதியை நிறுத்த நான் சொல்ல மாட்டேன்.

அப்புறம் செட்டிங்ஸ். ராமை 4 ஜிபி ஆக்கலாம், அதற்கு மேல் வேண்டாம். விண்டோஸுக்கும் மூச்சுவிட இடம் வேண்டுமே. பிராசசரில் நாலு கோர் இருந்தால் இரண்டு கொடுத்தால் போதும். வீடியோ மெமரி 128 எம்பி. உபுண்டுவுக்குள் கெஸ்ட் அடிஷன்ஸ் (விர்ச்சுவல்பாக்ஸின் துணை சாஃப்ட்வேர்) போட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் திரை இழுக்கும். இன்னும் கனமாகத் தெரிந்தால் லுபுண்டுவோ சுபுண்டுவோ போடலாம். உள்ளே அதே உபுண்டுதான், திரை மட்டும் இலகு.

இதையெல்லாம் செய்தும் டிஸ்க் 100-லேயே நின்றால் எஸ்.எஸ்.டி. (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், அதைவிட வேகமான டிஸ்க்) வாங்குங்கள். புது லேப்டாப் விலையில் சிறு பகுதிதான் ஆகும். ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா வகை உட்காரும். எம்.2 ஸ்லாட் (சின்ன அட்டை வடிவ எஸ்.எஸ்.டி. செருகும் இடம்) தனியாக இருந்தால், அது ஏற்கும் வகை சாட்டாவா என்விஎம்இயா என்று மாடல் நம்பரை வைத்து உறுதி செய்த பிறகே வாங்க வேண்டும். மாற்றி வாங்கினால் வேலை செய்யாது. பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் செய்து தரச் சொல்லுங்கள், மகளின் ஃபைல்கள் எதுவும் போகாது. என்றாலும் முக்கியமானவற்றை முன்பே ஒரு பென் டிரைவில் எடுத்து வைக்கட்டும்.

பாம்பன் காற்றில் உப்பு அதிகம். லேப்டாப்பைத் திறந்த கையோடு ஃபேன் தூசியைத் தட்டி, ராம் ஸ்லாட்டில் பச்சை பூத்திருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். ஃபேன் அடைத்துச் சூடேறினால் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பில்லில் எஸ்.எஸ்.டி.யின் சீரியல் நம்பர் இருக்க வேண்டும். அட்டைப் பெட்டியையும் விடாதீர்கள். 'பில் இல்லாமல் கொஞ்சம் குறைத்துத் தருகிறேன்' என்றால் வேறு கடை பாருங்கள், பின்னால் வாரண்டி கேட்டு நிற்க முடியாது. பில் இருந்தும் வாரண்டி தர மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசலாம். லேப்டாப்பின் ராமை 16 ஜிபி ஆக்குவது பற்றி மீன்பிடி தொடங்கிய பிறகு யோசிக்கலாம். எஸ்.எஸ்.டி. போட்ட பிறகு அது தேவைப்படாமலே போகலாம்.