ரேடியோ வாங்கியாயிற்று, இனி உரிமம்: ஹாம் தேர்வுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: எனக்கு வயது 38. கணக்கியல் படித்தவன், இயற்பியலோடு உறவு பத்தாம் வகுப்போடு முடிந்தது. ஆர்வத்தில் ஒரு கையடக்க ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகப் பேசுவோர் பயன்படுத்தும் அமெச்சூர் ரேடியோ) வாங்கிவிட்டேன். தொடக்கநிலை அமெச்சூர் ரேடியோ உரிமம் எடுக்க என்னவெல்லாம் படிக்க வேண்டும்? புள்ளியும் கோடுமாகச் செய்தி அனுப்பும் மோர்ஸ் குறியீடு கட்டாயமா? 13 வது வயதில் இருக்கும் என் மகளும் எழுதலாமா? உரிமம் வருவதற்குள் ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தால் தப்பா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தப்புதான். உரிமம் இல்லாமல் அந்தப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திப் பேசுவது ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் குற்றம். சில நாடுகளில் ஒலிபரப்பும் கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும். அதனால் உங்கள் நாட்டு விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடுங்கள். சட்டத்தை விடுங்கள், நடைமுறையில் நடப்பதைச் சொல்கிறேன். இந்த வகைக் கையடக்க ரேடியோக்கள் பல, ஹாம் அலைவரிசையைத் தாண்டி காவல் துறை, தீயணைப்பு, தனியார் நிறுவனங்கள் பேசும் அதிர்வெண்களிலும் ஒலிபரப்பக்கூடியவை. நீங்கள் "ஹலோ, கேட்கிறதா" என்று விளையாட்டாகச் சொல்லும் அந்த மூன்று விநாடியில், அங்கே முக்கியமான செய்தி ஒன்று மறைந்துபோகலாம். மெனுவில் ஒலிபரப்பைப் பூட்டும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். மகள் கையில் கொடுக்கும்போது நிம்மதி.

இயற்பியல் பயம் தேவையில்லை. தொடக்கநிலைத் தேர்வு, பொறியாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அல்ல. இவரிடம் ஒரு ரேடியோவைக் கொடுத்தால் தன்னையும் காயப்படுத்திக்கொள்ளாமல், மற்றவர்களுக்கும் இடைஞ்சல் செய்யாமல் இருப்பாரா என்று பார்க்கும் தேர்வு. அமெரிக்காவின் டெக்னீஷியன் தேர்வில் 35 கேள்விகள், 26 சரியாக இருந்தால் போதும். அந்தக் கேள்விகள் எடுக்கப்படும் மொத்தத் தொகுப்பையும் விடைகளோடு முன்கூட்டியே வெளியிட்டுவிடுகிறார்கள். இந்தியாவில் ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, பிரிட்டனில் ஃபவுண்டேஷன் என்று பெயர்கள் மாறும். உள்ளடக்கம் என்னவோ ஏறத்தாழ ஒன்றுதான்: பாதி விதிமுறை, பாதி அடிப்படை மின்னியலும் ரேடியோவும். மகளும் எழுதலாம். இந்தியாவில் குறைந்தபட்ச வயது 12, அமெரிக்காவில் வயது வரம்பே கிடையாது. பல வீடுகளில் பிள்ளைகள்தான் முதலில் தேர்ச்சி பெறுகிறார்கள். அதற்கும் மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

மோர்ஸ் பற்றி. 30 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே பேச மோர்ஸ் தெரிந்திருக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் சர்வதேச விதியே இருந்தது. 2003 இல் நடந்த உலக ரேடியோ மாநாட்டில் அதைத் தளர்த்தி, முடிவை அந்தந்த நாட்டிடம் விட்டுவிட்டார்கள். பெரும்பாலான நாடுகளில் தொடக்கநிலைக்கு இப்போது மோர்ஸ் இல்லை. ஆசையிருந்தால் பின்னால் கற்றுக்கொள்ளலாம், தேர்வுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, என்ன படிப்பது? விதிமுறைப் பகுதியில் மனப்பாடம் செய்யாமல் தப்ப முடியாது. எந்த அலைவரிசை நமக்கு, எத்தனை வாட் வரை, அழைப்புக்குறியை (உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறி) எப்போது சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அப்படியே தெரிந்திருக்க வேண்டும். தடைகளை மட்டும் காரணத்தோடு படியுங்கள். ஹாம் அலைவரிசையில் வியாபாரம் பேசக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது, பிறருக்குப் புரியாதபடி சங்கேதத்தில் பேசக்கூடாது. ஏன்? இந்த அலைவரிசைகள் கற்றுக்கொள்ளவும் சோதித்துப் பார்க்கவும் ஒதுக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் கேட்கலாம், யாருக்கும் சொந்தமில்லை. இந்த ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டால் விதிமுறைக் கேள்விகளில் பாதிக்கு விடை தானாக வந்துவிடும்.

மின்னியலில் நீங்கள் முதலில் சந்திக்கப்போவது ஓம் விதி. மின்னழுத்தம் என்பது மின்னோட்டம் பெருக்கல் மின்தடை. 12 வோல்ட் மின்கலத்தில் 4 ஓம் மின்தடையை இணைத்தால் 3 ஆம்பியர் ஓடும். 12 ஐ 3 ஆல் பெருக்கினால் 36 வாட். வரவு செலவு பார்த்த உங்களுக்கு இது ஒரு கணக்கா?

அடுத்தது அலைநீளம். 300 ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் மீட்டரில் அலைநீளம் வரும், அவ்வளவுதான். 145 மெகாஹெர்ட்ஸ் என்றால் 2 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். "2 மீட்டர் பேண்டு" என்று ஹாம்கள் சொல்வது இதைத்தான். இப்போது உங்கள் ரேடியோவின் தலையில் இருக்கும் குட்டி ரப்பர் ஆன்டெனாவைப் பாருங்கள். கால் அலைநீள ஆன்டெனா என்றால் சுமார் அரை மீட்டர் நீளம் இருக்க வேண்டும். உங்களுடையது ஒரு சாண் இருந்தால் அதிகம். உள்ளே கம்பியைச் சுருட்டி அடைத்து ஒப்பேற்றியிருக்கிறார்கள். பைக்குள் வைக்க வசதி, அலையை அனுப்பத்தான் சுமார்.

இங்கே கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் புதியவர்கள் காசை விடுவது இந்த இடத்தில்தான். 5 வாட் ரேடியோ போதவில்லை, 50 வாட் வாங்கினால் பத்து மடங்கு தூரம் போகும் என்று நினைப்பார்கள். சக்தி பத்து மடங்கானால், அதை ஒப்பிட்டு அளக்கும் அலகான டெசிபெல்லில் 10 கூடுகிறது. எதிர்முனையில் இருப்பவரின் ரேடியோவில், வரும் அலையின் வலுவைக் காட்டும் முள் மீட்டரில் ஒரு எஸ்-அலகு என்பது வழக்கமாக 6 டெசிபெல். ஆக, இவ்வளவு செலவுக்கும் அவருடைய முள் இரண்டு அலகுகூட நகராது. அதே கையடக்க ரேடியோவை வைத்துக்கொண்டு, ஆன்டெனாவை மட்டும் மொட்டைமாடிக்கு ஏற்றிப் பாருங்கள். 145 மெகாஹெர்ட்ஸில் அலை பெரும்பாலும் கண் பார்க்கும் தூரம்தான் போகும். வழியில் சுவர் நின்றால் வாட்டைக் கூட்டி என்ன பயன்? நல்ல ஆன்டெனாவால் கேட்பதும் தெளிவாகும், சக்தியைக் கூட்டினால் உங்கள் காது கூர்மையாகப் போவதில்லை.

ஆன்டெனாவைக் கழற்றி மாட்டும்போது ஒன்று. ஆன்டெனா இல்லாமல் பொத்தானை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத சக்தி திரும்பி வந்து கடைசிக் கட்ட டிரான்சிஸ்டரைச் சூடாக்கும். தேர்வில் இது ஒரு கேள்வியாக வரலாம். எனக்கு இது ஒரு ரேடியோவின் விலையாக வந்தது.

படிக்கும் முறைக்கு வருவோம். மாதிரித் தேர்வுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு விடையைப் பழக்கிவிட்டால் தேர்ச்சி பெறலாம். நிறையப் பேர் அப்படித்தான் பெறுகிறார்கள். அப்புறம் உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ரேடியோவில் என்ன பேசுவது என்று தெரியாமல் அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுகிறார்கள். படிப்பில் செலவிடும் நேரத்தில் பாதியைக் கேட்பதற்குக் கொடுங்கள் என்பேன். தினமும் அரை மணி படிப்பு, அரை மணி காது. ஆறு முதல் எட்டு வாரம் இப்படிப் போனால் தேர்வு அறையில் கை நடுங்காது.

கேட்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். இணையத்தில் வெப்எஸ்டிஆர் என்று தேடுங்கள். யாரோ ஒருவர் வைத்திருக்கும் ஏற்பியை (ரிசீவரை) உங்கள் உலாவியிலிருந்தே திருகிக் கேட்கலாம். நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இருப்பது இவற்றில் பிரபலமானது. ஏற்பி இருக்கும் இடத்தில் இரவாக இருக்கும் நேரமாகப் பார்த்து 7.1 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போங்கள். முதலில் வாத்து கத்துவது போல இருக்கும். பயப்படாதீர்கள், அது மனிதக் குரல்தான். சிற்றலையில் ஹாம்கள் பேசும் எஸ்எஸ்பி முறையில், அலையின் ஒரு பக்கத்தை மட்டும் அனுப்பி மீதியை வெட்டிவிடுகிறார்கள். அதைப் பேச்சாக மாற்றச் சரியான இடத்தில் ட்யூன் செய்ய வேண்டும். எல்எஸ்பியில் (அலையின் கீழ்ப்பக்கம்) வைத்து மெல்ல நகர்த்துங்கள். வாத்து கீச்சென்று இருந்தது கட்டையாகும், கட்டை இன்னும் கொஞ்சம் இறங்கும், சட்டென்று ஒரு புள்ளியில் யாரோ ஒரு தாத்தா தன் வீட்டு வானிலையைச் சொல்லிக்கொண்டிருப்பார். அந்தப் புள்ளியைப் பிடிக்கப் பழகிவிட்டால் எஸ்எஸ்பி பற்றிய கேள்வி எதற்கும் புத்தகத்தைப் பார்க்க வேண்டியிருக்காது. 10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே எல்எஸ்பி, மேலே யுஎஸ்பி (அலையின் மேல்பக்கம்) என்பது வழக்கம். 14.2 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள்.

அதே 7.1 ஐ உச்சிவெயில் நேரத்தில் கேளுங்கள். தொலைவிலிருந்து வந்த குரல்கள் காணாமல் போயிருக்கும், பக்கத்து ஊர்க்காரர்கள் மட்டும் இருப்பார்கள். பகலில், வானில் உயரே மின்னேற்றம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தின் அடியில் உருவாகும் டி அடுக்கு இந்த அலைகளை விழுங்குகிறது. சூரியன் மறைந்ததும் அது கலைந்துவிடும், அலை மேலே எஃப் அடுக்கு வரை போய் வளைந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இறங்கும். புத்தகத்தில் மூன்று பக்கம் எழுதியிருப்பதை இரண்டு தடவை காதால் கேட்டால் போதும், மறக்காது.

வாங்கிய ரேடியோவுக்கும் வேலை இருக்கிறது, கேட்பதற்கு உங்கள் நாட்டில் தடையில்லை என்றால். சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. அதன் ரிப்பீட்டர் (கேட்டதைத் திருப்பி ஒலிபரப்பும் நிலையம்) இயங்கும் நாட்களில் 437.800 மெகாஹெர்ட்ஸில் கேட்கும். தலைக்கு மேல் எப்போது கடக்கிறது என்று சொல்லும் செயலிகள் ஏராளம். ஒரு கடப்பு அதிகபட்சம் பத்து நிமிடம். அது உங்களை நோக்கி வரும்போது 437.810 இல் வையுங்கள், உச்சிக்கு வரும்போது 437.800, விலகிப் போகும்போது 437.790. டாப்ளர் விளைவு என்று பள்ளியில் ரயில் ஊதலை வைத்துச் சொன்னார்களே, அதேதான். மகளைப் பொத்தானை மாற்றச் சொல்லிவிட்டு நீங்கள் ஆன்டெனாவை வானத்தை நோக்கித் திருப்புங்கள். அன்றைக்குப் பிறகு நீங்கள் அவளைப் படி என்று சொல்ல வேண்டியதில்லை.

கேட்கும்போது பக்கத்தில் ஒரு நோட்டு இருக்கட்டும். நேரம், அதிர்வெண், காதில் விழுந்த அழைப்புக்குறி. அழைப்புக்குறியின் முன்னெழுத்தே நாட்டைச் சொல்லிவிடும்: வியு என்றால் இந்தியா, 4எஸ் இலங்கை, 9வி சிங்கப்பூர், ஜேஏ ஜப்பான். எழுத்துகளை ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்று சொல்வார்கள், ஏனென்றால் இரைச்சலில் பி, டி, ஈ மூன்றும் ஒரே மாதிரி கேட்கும். இதைப் பழக, சாலையில் போகும் வண்டிகளின் எண் பலகையை வாய்விட்டுப் படியுங்கள். "டேங்கோ நவம்பர்" என்று முணுமுணுத்துக்கொண்டே நடக்கும் ஆளைப் பார்த்து யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். பேச்சில் மூன்றெழுத்துச் சுருக்கக் குறிகளும் வரும்: க்யூஆர்எம் என்றால் பிறரின் குறுக்கீடு, க்யூஎஸ்பி என்றால் ஒலி ஏறி இறங்குவது, க்யூடிஎச் என்றால் இருக்கும் இடம். இப்படி ஒரு பத்துக் குறி ஒரு வாரத்தில் தானாகவே பதிந்துவிடும்.

கூடவே ஒரு ஹாம் சங்கத்தைத் தேடிப் போய்விடுங்கள். விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்புவது, தேர்வு எப்போது நடக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. உரிமம் பெற்றவர் ஒருவர் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதும் பெரிய பாடம்.

உரிமம் வந்த பிறகு முதல் அழைப்பு, அநேகமாக ரிப்பீட்டர் வழியாக இருக்கும். மலையிலோ உயரமான கட்டடத்திலோ இருந்துகொண்டு, ஓர் அதிர்வெண்ணில் கேட்பதை இன்னோர் அதிர்வெண்ணில் உரக்கத் திருப்பிச் சொல்லும் நிலையம் அது. நிலையத்தைத் திறக்கச் சிலவற்றுக்கு 88.5 ஹெர்ட்ஸ் போன்ற ஒரு தாழ்ந்த தொனியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். ரேடியோ சரியாக இருந்தும் யாரும் பதில் சொல்லவில்லை என்றால் முதலில் அந்தத் தொனியைச் சரிபாருங்கள். பொத்தானை அழுத்தி ஒரு விநாடி விட்டுப் பேசுங்கள், இல்லையென்றால் முதல் எழுத்து விழுங்கப்பட்டுவிடும். பேசி முடித்தபின் விரலை எடுக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பதட்டத்தில் இதை மறப்பவர்கள் அதிகம்.

இன்னொன்றையும் மறப்பார்கள். என் முதல் அழைப்பில் எதிர்முனையில் இருந்தவர் பொறுமையாக என் அழைப்புக்குறியைக் கேட்டார். மாதக்கணக்கில் காத்திருந்து வாங்கிய குறி, அந்த நேரம் பார்த்து நாக்கில் வரவேயில்லை. ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில், கீழே ஆல்ஃபா பிராவோவோடு எழுதி, மைக்குக்கு மேலே சுவரில் ஒட்டி வையுங்கள். மகளுக்குத் தனியாக ஒன்று.