டிக்கெட் இலவசம் என்றாலும் வேண்டாம்

கேள்வி: கதைகளில் வரும் இடங்களில், டிக்கெட் எடுத்துக் கொடுத்தாலும் போக மாட்டேன் என்று நீங்கள் சொல்லும் இடம் எது?

பதில்: டிராகுலாவின் கோட்டை என்று எதிர்பார்த்திருப்பீர்கள். 1897-இல் வந்த நாவல், கதவெல்லாம் பூட்டு, சவரக் கண்ணாடியில் பின்னால் நிற்கும் பிரபு தெரியவே மாட்டார், எல்லாம் சரி, ஆனாலும் பகலில் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஆர்வெல் 1949-இல் வெளியிட்ட ‘1984’ நாவலின் லண்டனில் அதுவும் கிடையாது. வீட்டுச் சுவரில் ஆளுங்கட்சி வேவு பார்க்க வைத்த ஒரு திரை, சத்தத்தைக் குறைக்கலாம், முழுதாக அணைக்க முடியாது, நாம் அதைப் பார்ப்பதோடு அதுவும் நம்மைப் பார்க்கும். காலையில் கதாநாயகன் வின்ஸ்டன் ஏனோதானோ என்று உடற்பயிற்சி செய்துகொண்டிருப்பான், திரையில் இருக்கும் பெண் அவனை எண் சொல்லிக் கூப்பிட்டு, இன்னும் குனி என்று அதட்டுவாள். அதைப் படித்ததும் நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன் (சிரிக்காதீர்கள்).

அப்புறம், பிடிபட்டவர்களைச் சித்திரவதை செய்யும் அந்த 101-ஆம் அறை. உள்ளே இருப்பது ஆளுக்கு ஆள் மாறும், யாருக்கு எது தாங்கவே முடியாதோ அது. வின்ஸ்டனுக்கு எலி. எனக்குக் கரப்பான்பூச்சி. அதை இங்கே எழுதியிருக்கக் கூடாதோ?