பழைய மேடை, திரைக் கலைஞர்களின் கையெழுத்துப் படங்கள், இசைத்தட்டுகள், படச்சுருள்களை வீட்டில் எப்படிப் பாதுகாப்பது? கையெழுத்து அசலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தீவிர ரசிகராக இருந்த பெரியவர் ஒருவரின் பெட்டி கைக்கு வந்திருக்கிறது. அதில் நடிகர்களின் கையெழுத்துப் படங்கள், நாடக நிகழ்ச்சிப் புத்தகங்கள், நிமிடத்துக்கு 78 சுழற்சி ஓடும் இசைத்தட்டுகள், ஒலிநாடாக்கள், சில படச்சுருள்கள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

கையெழுத்திலிருந்து தொடங்காதீர்கள். எல்லாரும் அதைத்தான் முதலில் எடுத்துக் கண்ணாடிச் சட்டத்தில் மாட்டுவார்கள். மற்றவை மறுபடியும் பெட்டிக்குள் போய்விடும். எந்த நடிகர் பெரியவர் என்று பார்த்து வரிசை போடக் கூடாது. இரண்டே கேள்விகள் போதும்: உலகத்தில் இதற்கு வேறு பிரதி இருக்குமா, இது எவ்வளவு வேகமாக அழிந்துகொண்டிருக்கிறது? நட்சத்திரத்தின் பெயர் போட்டுக் கடையில் விற்ற இசைத்தட்டு ஆயிரக்கணக்கில் அச்சானது, பத்திரமாக வைத்தால் நூறு வருஷம் தாங்கும். யாரோ மேடை நிகழ்ச்சியைச் சொந்தமாகப் பதிவு செய்த நாடா உலகத்திலேயே ஒன்றுதான், அதுவும் தேய்ந்துகொண்டிருக்கிறது.

எதையும் துடைப்பதற்கும் பிரிப்பதற்கும் முன்னால், பெட்டி இருக்கிறபடியே அடுக்கடுக்காகக் கைப்பேசியில் படம் எடுங்கள். நிகழ்ச்சிப் புத்தகத்துக்குள் செருகிய டிக்கெட், புகைப்படம் வந்த உறையின் தபால் முத்திரை, இரண்டு தாள் சேர்ந்திருந்த விதம் எல்லாமே பிறகு சாட்சியாக வேண்டியவை. உறையைக் குப்பையில் போட்டுவிட்டுப் படத்தை மட்டும் வைத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் நடக்கிற முதல் சேதம்.

இனி படச்சுருள்கள். ஜன்னலைத் திறந்துவைத்துவிட்டு டப்பாவைத் திறங்கள். அளவுகோலால் சுருளின் அகலத்தை அளங்கள். 35 மி.மீ. என்றால் உடனே ஓரத்தில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பாருங்கள்: 'சேஃப்டி' என்று இருக்கலாம், 'நைட்ரேட்' என்று இருக்கலாம். 1950களின் தொடக்கம் வரை திரையரங்குப் படங்கள் பெரும்பாலும் செல்லுலோஸ் நைட்ரேட் என்ற பிளாஸ்டிக்கில்தான் வந்தன. அது எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்கடியிலும் எரியும், வரும் புகை நச்சு. 1937-ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சியின் லிட்டில் ஃபெர்ரியில் ஃபாக்ஸ் திரைப்பட நிறுவனத்தின் கிடங்கு எரிந்தபோது அந்நிறுவனத்தின் மௌனப் படங்களில் பெரும்பகுதி போய்விட்டது. ஒரு காலத்தில் உச்சத்தில் இருந்த நடிகை தீடா பாராவை இன்று நாம் பெரும்பாலும் நிழற்படங்களில் மட்டுமே பார்க்க முடிவதற்கு அந்தத் தீ ஒரு முக்கியக் காரணம். ஆகவே 35 மி.மீ. சுருளில் 'சேஃப்டி' என்ற எழுத்து இல்லாவிட்டால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம், ஓட்டிப் பார்க்கவும் வேண்டாம், தபாலிலும் அனுப்ப வேண்டாம். கையை விட்டுப் போகும் வரை வெயிலும் அடுப்பும் படாத இடத்தில் வைத்துவிட்டுத் திரைப்பட ஆவணக் காப்பகம் ஒன்றைத் தொடர்புகொள்ளுங்கள்.

16 மி.மீ., 8 மி.மீ. சுருள்கள் பெரும்பாலும் அசிடேட் என்ற வேறொரு பிளாஸ்டிக். தீ பயம் இல்லை. ஆனால் வினிகர் வாடை வந்தால் அழுகல் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியாகும் அசிட்டிக் அமிலமே மேலும் சிதைவைத் தூண்டும். அதனால் வாடை வருகிற சுருளை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து வையுங்கள், காற்றுப் புகாத டப்பாவில் அடைக்காதீர்கள். குளிர்ச்சி சிதைவை மெதுவாக்கும், நிறுத்தாது. சுருங்கிய படத்தைப் பழைய புரொஜெக்டரில் மாட்டினால் பல்சக்கரம் ஓரத் துளைகளைக் கிழித்துவிடும். 1 சதவீதம் சுருங்கியிருந்தாலே ஓட்டுவது ஆபத்து. பல்சக்கரம் இல்லாமல் உருளைகளில் ஓட்டி ஸ்கேன் செய்கிறவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். வீடியோ வருவதற்கு முன்னால் பிளாக்ஹாக் ஃபிலிம்ஸ் போன்ற நிறுவனங்கள் லாரல்-ஹார்டி, சாப்ளின் குறும்படங்களை 8, 16 மி.மீ.யில் வீடுகளுக்கு விற்றன. அப்படிப்பட்ட பிரதி அருமையான பொருள்தான், ஆனால் அவசரமில்லை. டப்பாவின் மேல் பேனாவால் ஊர் பெயரும் தேதியும் மட்டும் எழுதியிருந்தால் அதுதான் முதலில் ஸ்கேனுக்குப் போக வேண்டியது.

தட்டுகளுக்குள்ளும் ஒரு திருட்டுத்தனமான வகை உண்டு. பார்க்க எல்பி (பிற்கால வினைல் இசைத்தட்டு) போலவே கருப்பாகப் பளபளக்கும். நடுத் துளைக்குப் பக்கத்தில் பெரும்பாலும் இன்னொரு சின்னத் துளை, விளிம்பிலோ துளைக்குள்ளோ எட்டிப் பார்க்கிற அலுமினியம், தட்டச்சில் அடித்த அல்லது கையால் எழுதிய லேபிள்: இவை இருந்தால் அது லாக்கர் என்ற பளபளப்புப் பூச்சில் நேரடியாக வெட்டிப் பதிந்த தட்டு. வானொலி நிகழ்ச்சிகள், ஒத்திகைகள், குரல் தேர்வுகள் இப்படிப் பதியப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் கிடைக்காதபோது கண்ணாடியின் மேலும் லாக்கர் பூசினார்கள். கை தவறினால் அதோடு முடிந்தது. லாக்கரை இளக்கமாக வைத்திருக்கச் சேர்த்த ஆமணக்கு எண்ணெய் நாளாவட்டத்தில் வெள்ளைப் பிசுக்காக மேலே வரும், பூச்சு சுருங்கி வெடித்து உரியும். சோதனைக்காகக்கூட ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஓட்டமும் ஒலியைத் தின்னும். நல்ல முள்ளோடு ஒரே தடவை ஓட்டி, அப்போதே டிஜிட்டலில் பிடித்துவிட வேண்டும்.

ஒலிநாடாச் சுருளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். சுற்றின் ஊடாக வெளிச்சம் தெரிந்தால் அசிடேட் நாடா, அதுவும் வினிகர் வாடைக்கு ஆளாகும். தெரியாவிட்டால் பாலியஸ்டர். ஓடும்போது கீச்சிட்டாலோ, நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பழுப்புப் பிசின் ஒட்டினாலோ உடனே நிறுத்துங்கள். தொடர்ந்து ஓட்டினால் காந்தப் பூச்சே உரிந்து வந்துவிடும். கேசட் என்றால் பதிவுப் பொத்தான் தவறி அமுங்காமல் இருக்க மேல்முனையில் இருக்கிற இரண்டு பிளாஸ்டிக் தாழ்களையும் உடைத்துவிட்டு அப்புறம் போடுங்கள். இந்த மாதிரி வீட்டு நாடாக்களை அற்பமாக நினைக்கக் கூடாது. 1960களில் பிபிசி பல நிகழ்ச்சிகளின் நாடாக்களை அழித்து மறுபடி பயன்படுத்தியது; 'டாக்டர் ஹூ' தொடரில் படமாகத் தொலைந்த பகுதிகள் அத்தனைக்கும் ஒலி மட்டும் மிஞ்சியிருக்கிறது. காரணம், வீட்டில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துப் பதிவு செய்த ரசிகர்கள்.

சாதாரண 78 தட்டு அரக்கும் கல்தூளும் கலந்து செய்தது. அரக்கு ஆல்கஹாலில் கரையும். எல்பிக்கு என்று விற்கிற துப்புரவுத் திரவங்களில் பலவற்றில் ஆல்கஹால் இருக்கும். அதை 78-ன் மேல் ஊற்றினால் பாட்டு அழிந்தது. சுத்தம் செய்ய ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர் போதும், அறை வெப்பத்தில். அதில் வாசனையற்ற மிதமான சோப்புத் திரவம் நாலைந்து சொட்டு. மென்மையான தூரிகையால் பள்ளங்களின் போக்கிலேயே வட்டமாகத் தேய்த்து, வெறும் தண்ணீரில் அலசி, பஞ்சிழை விடாத துணியால் ஒற்றி, செங்குத்தாக நிறுத்தி நிழலில் உலர விடுங்கள். லேபிள் நனையக் கூடாது. ஊறவைக்கவும் கூடாது, விளிம்பில் வெடிப்பு இருந்தால் தண்ணீர் உள்ளே போய்விடும்.

முள் விஷயத்தில் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். எல்பி முள்ளின் முனை ஆரம் சுமார் 18 முதல் 25 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). 78-ன் பள்ளத்துக்கு ஏறக்குறைய 75 மைக்ரான் வேண்டும். சின்ன முள் பள்ளத்தின் அடியில் கிடக்கிற அழுக்கில் உரசிக்கொண்டு போகும். கேட்பது வெறும் இரைச்சல், உடனே 'தட்டு தேய்ந்துவிட்டது' என்று முடிவு கட்டிவிடுவார்கள். சாவி கொடுக்கிற பழைய கிராமபோனில் அரிய தட்டை ஓட்டவே கூடாது. அதன் கனத்த தலையும் இரும்பு முள்ளும் பள்ளத்தைச் செதுக்கிவிடும். ஓட்டித்தான் ஆக வேண்டுமென்றால் கடையில் சுலபமாகக் கிடைக்கிற தட்டை ஓட்டுங்கள், தட்டின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு புது முள்.

'78' என்ற எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஆரம்ப காலத் தட்டுகள் 70-லிருந்து 80-க்கு மேல் வரை எந்த வேகத்திலும் பதியப்பட்டிருக்கலாம். 74-ல் பதிந்ததை 78-ல் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய அரை சுரம் ஏறும். பழைய பாடகர்கள் எல்லாருக்கும் கீச்சுக்குரல் என்ற எண்ணம் பரவியதில் தவறான வேகத்துக்கும் பங்கு உண்டு. கூட வாசிக்கும் கருவியின் சுருதியை வைத்து வேகத்தைச் சரிசெய்யலாம். 1925-க்கு முந்தைய பதிவுகளில் ஒலிவாங்கியே கிடையாது. கலைஞர் ஒரு கூம்புக்குள் கத்திப் பாட வேண்டியிருந்தது. தாழ்ந்த ஒலிகள் அதில் விழவே இல்லை. அதை மென்பொருளில் செயற்கையாகக் கூட்டினால் உறுமல்தான் மிஞ்சும்.

தட்டுகளைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள். செங்குத்தாக, ஒரே அளவுள்ளவை சேர்ந்து, 15 செ.மீ.க்கு ஒரு தடுப்போடு.

நாடக நிகழ்ச்சிப் புத்தகங்களில் ஒரு தொல்லை, பலவற்றில் வருஷமே இருக்காது. 'திங்கள், மார்ச் 14' என்று கிழமையும் தேதியும் இருந்தால் போதும். அதே கிழமையில் அதே தேதி 5, 6 அல்லது 11 ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் வரும் (பிப்ரவரி 29-க்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது). கலைஞர் அந்தக் குழுவில் இருந்த காலத்தோடு பொருத்தினால் பெரும்பாலும் ஒரே ஒரு வருஷம்தான் மிஞ்சும். 'இன்று இவருக்குப் பதில் இவர்' என்று உள்ளே செருகிய துண்டுச்சீட்டு இருந்தால் அதைத் தனியாக எடுத்துவிடாதீர்கள், அந்த மாலையின் உண்மையான நடிகர் பட்டியல் அதுதான். துருப்பிடித்த ஸ்டேப்ளர் கம்பிகளை உள்பக்கத்திலிருந்து நிமிர்த்தி எடுத்துவிட்டு, அதே துளைகளில் வெள்ளை நூலால் தைத்துவிடலாம். செய்தித்தாள் துணுக்குகள் அமிலம் கக்கிப் பக்கத்துத் தாளையும் பழுப்பாக்கும். அவற்றுக்குத் தனி உறை.

இப்போது கையெழுத்து. 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். படத்தைச் சாய்த்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். கையெழுத்து புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சு. படத்தின் மினுக்கோடு மினுக்காக, மேற்பரப்பில் எந்த வேறுபாடும் இல்லாமல் இருந்தால் நெகட்டிவிலேயே எழுதி ஆயிரக்கணக்கில் பிரதி எடுத்தது. ரசிகர் கடிதங்களுக்குப் பதிலாக ஸ்டூடியோக்கள் அனுப்பியவற்றில் ஏராளமானவை இப்படிப்பட்டவை. மை படத்தின் மேல் தனியாக உட்கார்ந்திருந்தால், கோடுகள் குறுக்கே வெட்டுமிடத்தில் மை அடர்ந்திருந்தால், பேனாவால் எழுதியது. பேனாவால் எழுதியது என்பதற்கு மேல் அது எதையும் நிரூபிக்காது.

அடுத்தது காலக்கணக்கு. பால்பாயிண்ட் பேனா அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 1945 அக்டோபரில். மெல்லிய முனை ஃபெல்ட் பேனா 1960களின் சரக்கு. மௌனப்பட நடிகர் வாலண்டினோ, மாயவித்தைக்காரர் ஹூடினி இருவரும் 1926-ல் இறந்தார்கள். அவர்கள் பெயரில் பால்பாயிண்ட் கையெழுத்து வந்தால் லென்ஸே வேண்டாம். ஆலிவர் ஹார்டி 1957-ல் போய்விட்டார். லாரலும் ஹார்டியும் சேர்ந்து ஃபெல்ட் பேனாவில் போட்ட கையெழுத்தும் அதே கதைதான். படத்தின் தாளுக்குப் புற ஊதா விளக்குச் சோதனை உண்டு. வெண்மையைக் கூட்டும் ரசாயனம் புகைப்படத் தாள்களில் 1950களிலிருந்துதான் பரவலானது. இருட்டில் விளக்கடித்ததும் தாள் நீல வெண்மையாக ஒளிர்ந்தால் அது 1930-ல் போட்ட பிரதி இல்லை. ஒளிராவிட்டால் பழையது என்று முடிவு கட்ட முடியாது. பிந்தைய தாள்களிலும் ஒளிராதவை இருக்கின்றன.

போலி என்பதைவிட அடிக்கடி வருவது வேறொருவர் போட்ட 'அசல்'. ஹாலிவுட் நடிகை ஜீன் ஹார்லோ 1937-ல் 26 வயதில் இறந்தார். அவர் பெயரில் இருக்கிற படங்களில் பெரும்பாலானவற்றில் கையெழுத்திட்டது அவருடைய தாயார். அந்தக் காலத்து மை, அந்தக் காலத்துத் தாள், எல்லாம் சரியாக இருக்கும். கை மட்டும் வேறு. இதற்கு நேரெதிர் ஸ்டான் லாரல். 1965-ல் இறக்கும் வரை ரசிகர் கடிதங்களுக்குத் தாமே உட்கார்ந்து பதில் போட்டவர், அதனால் அவருடைய அசல் கையெழுத்து நிறையவே கிடைக்கிறது. ஒப்பிடும்போது காசோலை, ஒப்பந்தம், சொந்தக் கடிதம் போன்றவற்றில் உள்ள கையெழுத்தோடு ஒப்பிடுங்கள். ஏலப் பட்டியலில் உள்ள இன்னொரு படத்தோடு ஒப்பிட்டால் போலிக்குப் போலி சாட்சி சொல்லும். இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். பெயரைப் படிக்காமல் கோடுகளை மட்டும் பார்க்க அது உதவும். பார்த்து வரைந்த கையெழுத்தில் தொடக்கமும் முடிவும் மொட்டையாக இருக்கும், அழுத்தம் ஒரே சீராக இருக்கும். விற்பவரே அச்சடித்துக் கொடுக்கிற 'உண்மைச் சான்றிதழ்' அந்தத் தாளின் விலைக்குக்கூடப் பெறாது.

அசல் என்று தெரிந்த பின்னும் அதைச் சுவரில் மாட்டாதீர்கள், பிரதியை மாட்டுங்கள். மைக்கு வெளிச்சம் செய்கிற சேதம் திரும்பாது, சேர்ந்துகொண்டே போகும். அருங்காட்சியகங்கள் இப்படிப்பட்ட பொருள்களுக்கு 50 லக்ஸுக்கு (வெளிச்சத்தின் அளவு) மேல் போகாததற்குக் காரணம் அதுதான். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும். லேமினேஷன், செல்லோடேப், பிசின் தடவிய பக்கங்கள் கொண்ட ஆல்பம், பிவிசி உறை, நான்கும் வேண்டாம். பாலியஸ்டர் அல்லது பாலிப்ரொப்பிலீன் உறை போதும். ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். 65-ஐத் தாண்டினால் பூஞ்சை வரும். குறிப்புகளை உறையின் மேல் எழுதி, மை காய்ந்த பிறகு படத்தை உள்ளே வையுங்கள்.

டிஜிட்டலுக்கு: 8×10 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி), டிஃப் (TIFF) கோப்பு. 35 மி.மீ. நெகட்டிவுக்கு 3000-க்குக் குறையாமல். ஒலிக்கு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் (WAV) கோப்பு. இரைச்சல் நீக்கிய பிரதி தனி, நீக்காதது தனி. நீக்காததை ஒருபோதும் அழிக்காதீர்கள், பத்து வருஷம் கழித்து இன்னும் நல்ல மென்பொருள் வரும். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு ஊரில். சுருள் உங்களிடம் இருப்பதாலேயே அதைப் பொதுவில் ஏற்றும் உரிமை வந்துவிடாது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குழுப் படங்களில் நடுவில் நிற்கும் நட்சத்திரத்தின் பெயரை எழுதி நிறுத்திவிடாதீர்கள். இடமிருந்து வலமாக, பின்வரிசை உட்பட, தெரிந்த பெயர்களை எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கலைஞர்களை மேடையில் பார்த்த வயதானவர்கள் யாராவது இருந்தால் ஸ்கேன் முடியும் வரை காத்திராமல், கைப்பேசியில் எடுத்த படத்தைக் காட்டியே இந்த வாரம் கேட்டுவிடுங்கள்.