வாசகர் கேள்வி பதில்: வேக எண்ணை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி (வவுனியா வாசகர்): ரேஸ் பேப்பரில் இங்கிலாந்துக் குதிரைகளுக்கு வேக எண் போடுகிறார்கள். பெரிய எண் உள்ள குதிரையே அடிக்கடி தோற்கிறது. அந்த எண் பொய்யா?

பதில்: பொய்யில்லை, ஆனால் பாதிதான் அளவு. மீதி கணிப்பு. ஓடிய நேரத்தைக் கடிகாரம் சொல்லும். ஈரத் தரையில் எல்லாக் குதிரையும் பிந்தும் என்பதால், அன்றைய தரை எத்தனை செக்கன் இழுத்தது என்று பார்த்து, அதைக் கழித்த பிறகே எண் போடுவார்கள். பிழை பெரும்பாலும் இந்தக் கழிவில்தான் நுழைகிறது.

ஒரு நாளில் ஐந்து ஓட்டம், எல்லாம் 6 பர்லாங், அதாவது சுமார் 1,200 மீட்டர் என்று வைப்போம். அந்தந்தத் தரக் குதிரைகளின் வழமையான நேரத்தைவிட அவை முறையே 0.8, 1.0, 0.9, 2.6, 1.1 செக்கன் பிந்துகின்றன. ஐந்துக்கும் சராசரி 1.28. ஆனால் நாலாவது ஓட்டத்தில் முன்னே போனவர்கள் கடிவாளத்தை இழுத்துப் பிடித்திருந்தால் அந்த 2.6 தரையின் குற்றமல்ல. அதை விட்டுவிட்டால் சராசரி 0.95. வித்தியாசம் 0.33 செக்கன், ஏறக்குறைய இரண்டு குதிரை நீளம். ஒரு ஓட்டத்தைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவிலேயே அன்று ஓடிய அத்தனை குதிரைகளின் எண்ணும் மாறிவிடுகிறது.

தோற்ற குதிரைகளின் நேரத்தை, வென்ற குதிரைக்கு எத்தனை நீளம் பின்னால் வந்தது என்பதை வைத்துக் கணிக்கும் வழக்கமும் உண்டு. ஒரு நீளத்துக்கு 0.2 செக்கன் என்பது பழைய கணக்கு; நல்ல தரையில் உண்மை 0.16 பக்கம் வரும். பத்து நீளம் பிந்திய குதிரைக்கு இதிலேயே 0.4 செக்கன் தவறும்.

வேலியையும் கவனியுங்கள். புல் தேய்ந்த இடத்தைக் காப்பதற்காக உள்வேலியை வெளியே தள்ளி வைப்பார்கள். அரைவட்ட வளைவில் 6 மீட்டர் தள்ளினால் ஓடும் தூரம் சுமார் 19 மீட்டர் கூடும்; அது ஒரு செக்கனுக்கு மேல்.

கடிகாரமும் தவறாத சாமானல்ல. 1973இல் அமெரிக்காவின் பிரீக்னஸ் ஸ்டேக்ஸ் பந்தயத்தில் செக்ரட்டேரியட் என்ற குதிரை வென்றபோது மின்கடிகாரம் 1 நிமிடம் 55 செக்கன் காட்டியது. சர்ச்சைக்குப் பின் 1:54.4 என்றார்கள். 2012இல் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்து 1:53 என்று திருத்தினார்கள். 39 வருடம் கழித்து!

ஆகவே ஒற்றை எண்ணைப் பார்த்துப் பந்தயத் துண்டு எழுதாதீர்கள். அதே தரை, அதே தூரத்தில் ஓடிய கடைசி மூன்று நான்கு எண்களைப் பாருங்கள். ஒன்று மட்டும் துருத்திக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள். இரண்டு நீளத்துக்குள் அடங்கும் வித்தியாசத்தைச் சமமென்றே எடுங்கள். இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் திடல் போன்ற செயற்கைத் தரைகளில் எண்ணைச் சற்றுக் கூடுதலாக நம்பலாம். மழை அந்தத் தரையைப் புல்தரை அளவுக்கு மாற்றுவதில்லை.

கேள்வி (கிளிநொச்சி வாசகர்): எங்கள் மாட்டுவண்டிச் சவாரிக்கும் இப்படி எண் போடலாமா? கைத்தொலைபேசியில் நேரம் எடுக்கிறோம்.

பதில்: போடலாம், முதலில் நேரத்தைச் சரியாக எடுங்கள். முடிவுக் கோட்டில் நின்று விசில் கேட்டு அழுத்துவதுதான் பெரிய பிழை. ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். திடல் 400 மீட்டர் என்றால் விசில் உங்களிடம் வர 1.2 செக்கன் ஆகிவிடும். கொடி விழுவதைப் பார்த்து அழுத்தினாலும் கை 0.2 செக்கன் அளவில் பிந்தும்.

இரண்டு தொலைபேசிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒளிப்பதிவைத் தொடக்கி, ஒருமுறை கைதட்டுங்கள். பதிவை நிறுத்தாமலே ஒன்றைத் தொடக்கக் கோட்டுக்குக் கொண்டுபோங்கள். மற்றதை முடிவுக் கோட்டுக்கு நேரே ஒரு கம்பத்தில் கட்டுங்கள். சாய்வாகப் பிடித்தால் முன்னுக்கு வந்த சோடி பின்னுக்குத் தெரியும். பிறகு இரண்டு பதிவிலும் கைதட்டிய இடத்திலிருந்து எண்ணினால், செக்கனுக்கு 30 படம் எடுக்கும் தொலைபேசியில் 0.03 செக்கன் வரை பிரித்தறியலாம்.

கழிவுக் கணக்குத்தான் இங்கே கடினம். காலையில் இறுகிக் கிடந்த மண் பிற்பகலில் உழுத வயல்போலக் கிளம்பிவிடும். முழு நாளுக்கும் ஒரே கழிவு போடாமல், முற்பகலுக்கு ஒன்று, பிற்பகலுக்கு ஒன்று என்று பிரித்துப் போடுங்கள். மழை பெய்தால் அதிலிருந்து புதிதாகத் தொடங்குங்கள். நாலு ஓட்டம்கூட இல்லாத பகுதிக்கு எண்ணே போடவேண்டாம். நேரத்தை மட்டும் கொப்பியில் எழுதி வையுங்கள்.