ஈர்க்குச்சி செருகிய காது

பாம்பனிலிருந்து எழுதியிருக்கும் 26 வயது ஓவியர், ஆறு ஆண்டுகளாகக் குழுக் கண்காட்சிகளில் படம் வைத்தும் தம் பெயர் யார் நினைவிலும் நிற்கவில்லை என்று வருந்தி, நிலைத்த அங்கீகாரம் பெற வழி கேட்கிறார்.

தம்பி, உங்கள் நான்கு பக்கக் கடிதத்தில் பெரும்பகுதி, உங்களைக் கண்டுகொள்ளாதவர்களின் பட்டியல். இப்படிப்பட்ட பட்டியல்கள் எனக்கு நிறைய வந்திருக்கின்றன. ஆனால் மூன்றாம் பக்கத்தின் அடியில், போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “படங்களுக்குப் பிரேம் போடத் தங்கையின் கம்மலை அடகு வைத்திருந்ததால், அவள் உருவப்படத்தில் கம்மலைக் கற்பனையாக வரைந்தேன்.”

கம்மல் போன காதில் துளை தூர்ந்துவிடாமலிருக்க உங்கள் தங்கை விளக்குமாற்று ஈர்க்கை ஒடித்துச் செருகியிருப்பாள். அடகுக்கடைக்கு நகை போன வீடுகளில் நான் பார்த்து வளர்ந்த காட்சி அது. எதிரே அமர்ந்து அந்தக் காதை மணிக்கணக்காகப் பார்த்த உங்களுக்கு, அந்தக் குச்சியை வரைய மனம் வரவில்லை. அதன்மேல் தங்கத்தைப் பூசினீர்கள். பார்த்தவர்கள் அந்தப் படத்தைக் கடந்து போனதில் எனக்கு வியப்பில்லை. இராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தச் சுவர்களில் வரைந்தவர்களின் பெயரைச் சொல்ல இன்று ஆளில்லை. ஆனால் மராத்தியரோடு நடந்த போரையும், சேதுபதி மன்னரைக் காண வந்த ஐரோப்பியரையும், தம் காலத்து நடப்பாகவே அவர்கள் தீட்டி வைத்ததால்தான் நாம் இன்னும் அங்கே போய் நிற்கிறோம்.

கலைக்காகத்தானே செய்தேன் என்பீர்கள். அண்ணன் ஓவியனாவதற்குத் தங்கை தன் காதைக் கொடுக்க வேண்டும் என்பதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவருடைய மாணவர்களும் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை உருவாக்கியபோது, பாத்திக் எனும் மெழுகுச் சாயத் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்றுத்தான் பணம் சேர்த்தார்கள். அந்த வேலையால் அவர்களுடைய ஓவியம் தாழ்ந்துவிடவில்லை. உங்கள் கரையிலும் ஏப்ரல் 15 முதல் 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் மராமத்துக்கு நிற்கும். வர்ணம் பூசவும் பெயர் எழுதவும் கை தேவைப்படும் அந்த நாள்களில் தூரிகையோடு போய் நில்லுங்கள். வரும் கூலியை வட்டிக்கும் அசலுக்கும் கட்டி, அடுத்த கண்காட்சியைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே கம்மலை மீட்டுவிடுங்கள்.

மீட்பதற்கு முன்னால் ஒரு நாள், அவள் சம்மதித்தால் மட்டும், தங்கையை மறுபடியும் எதிரே உட்காரவைத்து, அந்தக் குச்சியோடு வரையுங்கள்.