72 வயது, கூடவே சர்க்கரை நோய்: ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை எந்த அளவுக்குப் பலன் தரும்?

உங்கள் அப்பாவுக்கு 72 வயது, நெடுநாளாகச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு, இப்போது ஏ.எம்.எல். என்ற, வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோய் என்று சொல்லியிருக்கிறார்கள் என எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. 70 வயதில் இதே நோய் கண்ட என் அம்மாவுக்குத் துணையாக இருந்த நாட்களில் மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

வயது பலனைக் குறைக்கும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு உடல் தளர்வு மட்டும் காரணம் அல்ல. வயதானவர்களுக்கு வரும் நோயே பல சமயம் முரட்டு வகையாக இருக்கிறது. எலும்பு மஜ்ஜையில் பல ஆண்டுகளாகச் சேர்ந்த மரபணுக் கோளாறுகள், குறிப்பாகப் புற்றைத் தடுக்கும் டிபி53 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றமும் பல குரோமோசோம்கள் ஒருசேரச் சிதைந்திருப்பதும், முதியவர்களிடம் அதிகம் காணப்படுகின்றன. இவை கீமோவுக்கு எளிதில் மசிவதில்லை. மாறாக, ஏ.எம்.எல்.லிலேயே ஏ.பி.எம்.எல். என்ற தனி வகையாக இருந்தால், ஆர்செனிக்கும் ஏட்ரா என்ற வைட்டமின் ஏ சார்ந்த மருந்தும் சேர்ந்த சிகிச்சை முதியவர்களுக்கும் நல்ல பலன் தருகிறது. ஆகவே மரபணுப் பரிசோதனை அறிக்கை வரும் முன் வயதை மட்டும் வைத்து யாரும் முடிவு சொல்லிவிடக் கூடாது. அம்மாவை முதலில் காட்டிய இடத்தில் கோப்பிலிருந்த வயதைப் பார்த்தவுடனே வீட்டுக்கு அழைத்துப் போகச் சொன்னார்கள். அந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் அம்மாவிடம், "வீட்டில் சமையல் யாரம்மா?" என்று கேட்டார். "நான்தான்" என்றார் அம்மா. பிறகு கைத்தாங்கல் இல்லாமல் வராந்தாவின் கடைசி வரை நடந்து வரச் சொல்லி, அதையும் குறித்துக்கொண்டார். தன் வேலையைத் தானே செய்துகொள்ளும் 70 வயதுக்காரரும் படுக்கையிலேயே இருக்கும் 60 வயதுக்காரரும் ஒரே சிகிச்சையை ஒரே விதமாகத் தாங்க மாட்டார்கள் என்று பின்னர் விளக்கினார்.

மற்ற நோய்கள், எந்த மருந்தைக் கொடுக்க முடியும் என்பதையே மாற்றிவிடுகின்றன. ஏழு நாள் சைட்டராபின், மூன்று நாள் டானோரூபிசின் என்ற வழக்கமான தீவிர கீமோவில் டானோரூபிசின் இதயத்தைப் பலவீனப்படுத்தக் கூடியது என்பதால்தான் முதலில் எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கிறார்கள். சிறுநீரகம் சரியாக இயங்காதவருக்குச் சைட்டராபினை அதிக அளவில் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு நடை தள்ளாடலாம். வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் நேரத்தில் சர்க்கரையும் கட்டுக்குள் இல்லையென்றால் பூஞ்சைத் தொற்று எளிதில் பிடித்துக்கொள்கிறது. இந்த நோயாளிகளில் பலரைப் பறிப்பது இத்தகைய தொற்றுதான்.

தீவிர கீமோவைத் தாங்க முடியாதவர்களுக்கு இப்போது வேறு வழி இருக்கிறது. 75 வயதைத் தொட்டவர்களையும் பிற நோய்களால் தீவிர கீமோ பெற முடியாதவர்களையும் வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2020இல் வெளியானது. அசாசிட்டிடின் ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களில் பாதிப் பேர் 9.6 மாதங்களைக் கடந்து வாழ்ந்தார்கள். வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையும் சேர்ந்தபோது அது 14.7 மாதமாக உயர்ந்தது. இது முழுக் குணம் அன்று. அதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆனாலும் அம்மாவுக்கு இந்தச் சிகிச்சையில் கிடைத்த பதினாறு மாதங்களில் பெரும்பகுதியை அவர் வீட்டில்தான் கழித்தார்.

இடையில் பூஞ்சைத் தொற்றுக்கு வோரிகோனசோல் தொடங்கியவுடன், தினமும் நான்காக இருந்த வெனிட்டோகிளாக்ஸ் மாத்திரையை ஒன்றாகக் குறைத்தார்கள். சிகிச்சையைக் கைவிடுகிறார்களோ என்று நான் பதறிப்போனேன். பூஞ்சை மருந்து, வெனிட்டோகிளாக்ஸைக் கல்லீரல் வெளியேற்றவிடாமல் தடுப்பதால் ஒரு மாத்திரையே நான்கின் வேலையைச் செய்துவிடும் என்று மருத்துவர் சொன்ன பிறகுதான் மூச்சு வந்தது. டில்டியாசெம், வெராபமில் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகளுக்கும் ஓரளவு இந்தக் குணம் உண்டு. ஆகவே அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, அப்பா சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து ஏதாவது இருந்தால் அதையும், ஒரு பையில் போட்டு எடுத்துச்சென்று மேசையில் வைத்துவிடுங்கள்.