மடிக்கணினிக்கு எஸ்எஸ்டி: வாங்குமுன் கேட்டவர்களும் வாங்கியபின் கேட்டவர்களும்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பொருளைப் பற்றியவை என்பதால், இம்முறை மிக்சியையும் மின்விசிறியையும் ஒதுக்கி வைத்துவிட்டு ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகக் கணினியில் மாட்டும் சேமிப்பகமான எஸ்எஸ்டிக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: 2016இல் வாங்கிய மடிக்கணினி. ஆறாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி ராம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். பொத்தானை அழுத்திவிட்டு டிகாக்‌ஷன் இறக்கி, பால் காய்ச்சி, காபியைக் குடித்து முடித்த பிறகுதான் திரை நிலைக்கு வருகிறது. மகன் புதிதாக வாங்கச் சொல்கிறான். பக்கத்து வீட்டுக்காரர் எஸ்எஸ்டி போதும் என்கிறார். யார் சொல்வது சரி?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் முக்கால்வாசி சரி. அந்தக் காலத்து மடிக்கணினிகளில் இருந்த ஹார்ட் டிஸ்க்குகள் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் தட்டும், அதன்மேல் அலையும் முள்ளும் கொண்டவை. கேட்ட கோப்பு இருக்கும் இடத்துக்கு அந்த முள் போய்ச் சேர ஒவ்வொரு முறையும் பத்து, பதினைந்து மில்லிவினாடி ஆகிறது. விண்டோஸ் தொடங்கும்போது தட்டின் மூலைமுடுக்குகளில் சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் தேவைப்படுவதால், உங்கள் ஐ3 வேலை ஒன்றும் இல்லாமல் முள்ளுக்காகக் காத்திருக்கிறது. எஸ்எஸ்டியில் சுழலுவதும் இல்லை, அலைவதும் இல்லை; அதே தேடலுக்கு ஒரு மில்லிவினாடியில் பத்தில் ஒரு பங்குகூடப் பிடிக்காது.

உங்கள் கணினிக்குப் பொருந்துவது பெரும்பாலும் சாட்டா என்ற இணைப்பு கொண்ட 2.5 அங்குல வகை. 500 ஜிபி போதும். தடிமன் 7 மி.மீ. இருக்கும், பழைய டிஸ்க் 9.5 மி.மீ. ஆக இருந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் சட்டம் தேவைப்படலாம். கழற்றும் கையோடு ராமையும் 8 ஜிபி ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ராமில் இடம் போதாமல் விண்டோஸ் ஓயாமல் எஸ்எஸ்டியில் எழுதி அழித்துக்கொண்டிருக்கும்.

மகன் சொல்வதில் உள்ள கால்வாசி உண்மையையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் செயலிகளின் பட்டியலில் ஆறாம் தலைமுறை இல்லை. கடிதம் எழுதுவதும் காணொளி பார்ப்பதும்தான் உங்கள் தேவை என்றால் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொண்டு இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். விண்டோஸில் மட்டுமே இயங்கும் மென்பொருள் ஏதேனும் உங்களுக்குக் கட்டாயம் என்றால் மகன் பேச்சைக் கேளுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி போட்டால் கேம் வேகமாக ஓடுமா?
– கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: வேகமாகத் திறக்கும். ஓடுவது கிராஃபிக்ஸ் அட்டையின் பாடு.

கேள்வி: இணையத்தில் தள்ளுபடியில் கிடைத்ததே என்று 1 டிபி என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கினேன். என் கணினியில் எம்.2 ஸ்லாட் இருக்கிறது, அதில் சரியாகப் பொருந்தவும் செய்கிறது, ஆனால் கணினிக்கு அது தெரியவே இல்லை. விற்றவர் திரும்ப எடுக்க மறுக்கிறார். வழக்குப் போடலாமா?
– மென்பொருள் பணியாளர், கோயம்புத்தூர்

பதில்: போடலாம், தோற்பீர்கள். எம்.2 என்பது வடிவத்துக்கான பெயர். கணினியோடு பேசும் முறை வேறு: அந்த வடிவத்திலேயே சாட்டாவும் வருகிறது, என்விஎம்இயும் வருகிறது. உங்கள் ஸ்லாட் சாட்டாவை மட்டும் ஏற்பது. பொருளில் குறை இல்லாதபோது, விற்றவர் தாமாக அறிவித்த திரும்பப்பெறும் காலத்தைத் தாண்டி அவரைச் சட்டம் கட்டாயப்படுத்தாது. கணினியின் மாடல் எண்ணைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் இட்டு, சர்வீஸ் கையேட்டில் சேமிப்பகம் பற்றிய பக்கத்தைப் படித்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். மென்பொருள் துறையில் இருப்பவர் ஒருவர் இதைப் படிக்காமல் வாங்கினார் என்பதில் எனக்கு அனுதாபம் சுரக்கவில்லை. என்விஎம்இக்கென விற்கும் யுஎஸ்பி கூடு ஒன்று வாங்கி வெளிச் சேமிப்பாகப் பயன்படுத்துங்கள். பணம் முழுவதும் வீணாகாது.

கேள்வி: 512 ஜிபி என்று சொல்லி விற்றார்கள், கணினி 476 என்று காட்டுகிறது. 36 ஜிபியைத் திருடிவிட்டார்கள்.
– வியாபாரி, விருதுநகர்

பதில்: யாரும் திருடவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபிக்கு நூறு கோடி பைட் என்று எண்ணுகிறார். விண்டோஸ் 107 கோடியே 37 லட்சத்துச் சொச்சம் என்று எண்ணுகிறது. பொருள் அதேதான், படிதான் வேறு.

கேள்வி: வீட்டிலேயே தட்டச்சும் ஜெராக்ஸும் செய்து பிழைக்கிறேன். மடிக்கணினி மெதுவானதால் கடையில் கொடுத்தேன். புதிய 1 டிபி எஸ்எஸ்டி என்று 6,500 ரூபாய் வாங்கினார்கள்; பில் கேட்டதற்கு, பில் போட்டால் ஜிஎஸ்டி சேரும் என்றார்கள். மூன்றே வாரத்தில் அது தொங்குகிறது. தம்பி ஒரு மென்பொருளைப் போட்டுப் பார்த்தான். ஏற்கெனவே 11,000 மணி நேரம் ஓடியதாகக் காட்டுகிறது. பழைய டிஸ்க்கும் கடையிலேயே இருக்கிறது. நான் ஏமாந்துவிட்டேனா?
– வாசகி, ஈரோடு

பதில்: ஏமாற்றப்பட்டீர்கள், அம்மா. ‘ஏமாந்துவிட்டேனா’ என்று பழியை உங்கள்மேல் போட்டுக்கொள்ள வேண்டாம். 11,000 மணி என்பது இரவு பகலாக ஒன்றேகால் ஆண்டு. யாரோ கழற்றிப் போட்டதைத் துடைத்து உங்களுக்குப் புதிதென்று விற்றிருக்கிறார்கள்.

முதல் வேலையாக, இன்றைக்கே போய்ப் பழைய டிஸ்க்கைத் திரும்ப வாங்குங்கள். அதில் உங்கள் வாடிக்கையாளர்களின் ஆதார் நகலும் பத்திர நகலும் இருக்கும். பணத்தைவிட அது பெரிது. அடுத்து, அந்த மென்பொருள் காட்டிய திரையை, எஸ்எஸ்டியின் வரிசை எண்ணும் தெரியும்படி, படமெடுத்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்திய யுபிஐ பதிவு, கடைக்காரருடனான வாட்ஸாப் உரையாடல் ஆகியவற்றை அழிக்காதீர்கள். பில் இல்லாத இடத்தில் இவைதான் உங்கள் சாட்சி.

பழைய பொருளைப் புதியதென்று சொல்லி விற்பதும், விற்ற பொருளுக்கு ரசீது தர மறுப்பதும், குறையுள்ள பொருளை ரசீதில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லப்படாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப ஏற்க மறுப்பதும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 2(47)இன்படி முறையற்ற வணிக நடைமுறைகள். இதை எழுத்தில் குறிப்பிட்டு, பதினைந்து நாள் கெடு வைத்து, கடைக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்யுங்கள். பலிக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்: இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு, ஐந்து லட்ச ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. தொழிலுக்கு வாங்கியதால் நீங்கள் நுகர்வோர் ஆகமாட்டீர்கள் என்று கடைக்காரர் வாதாடக்கூடும். சுயதொழில் செய்து பிழைப்பவர் தம் பிழைப்புக்காக வாங்கியதைச் சட்டம் வணிக நோக்கமாகக் கருதுவதில்லை என்று அவருக்குச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

கேள்வி: திருமணப் படப்பிடிப்பு செய்கிறேன். பெட்டியில் வினாடிக்கு 530 எம்பி வரை என்று போட்டிருந்த 1 டிபி எஸ்எஸ்டியை மடிக்கணினியில் போட்டேன். ஒரு கல்யாணத்தின் 150 ஜிபி காட்சியை ஏற்றும்போது முதலில் பறக்கிறது, கொஞ்ச நேரத்தில் 80க்கு விழுந்துவிடுகிறது. பழைய ஹார்ட் டிஸ்க்கே தேவலை. பழுதான பொருளா?
– புகைப்படக் கலைஞர், மதுரை

பதில்: பழுது இல்லை, பெட்டியில் ஒரு சொல்லை நீங்கள் படிக்காமல் தாண்டிவிட்டீர்கள். அந்தச் சொல் ‘வரை’.

ஆடி மாதத்தில் ஜவுளிக்கடை வாசலில் ‘50 சதவீதம் வரை தள்ளுபடி’ என்று ஆள் உயர எழுத்தில் எழுதி, ‘வரை’யை மட்டும் எறும்பு அளவில் வைப்பார்கள் அல்லவா? உள்ளே போனால் 50 சதவீதம் கைக்குட்டைக்கு, பட்டுக்கு ஐந்து. முப்பது ஆண்டுகளாகப் பொருள் வாங்கி ஏமாந்து எழுதிவரும் எனக்கு, விற்பனைத் தமிழில் இதைவிட வெறுப்பான சொல் கிடையாது. எஸ்எஸ்டி பெட்டியில் அதே வித்தையைக் கொஞ்சம் பொறியியலோடு செய்கிறார்கள். நினைவகத்தின் ஓர் அறையில் மூன்று பிட் எழுதினால் டிஎல்சி, நான்கு பிட் எழுதினால் கியூஎல்சி. நான்கைத் திணித்தால் விலை குறையும், எழுதும் வேகமும் குறையும். அந்த மந்தம் தெரியாமலிருக்க, கொஞ்சம் இடத்தை மட்டும் அறைக்கு ஒரு பிட் என்ற கணக்கில் வேகமான முற்றமாக ஒதுக்கி, வருவதை முதலில் அங்கே இறக்குகிறார்கள். பெட்டியில் அச்சிடப்படுவது முற்றத்தின் வேகம். முற்றம் நிறைந்ததும் மூட்டைகளை உள்ளறைக்கு நேரே சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒரு சான்று: சாம்சங்கின் 870 கியூவிஓ 1 டிபிக்கு அந்த நிறுவனமே வெளியிட்ட விவரத்தாளின்படி எழுதும் வேகம் 530 எம்பி வரை; வேகமான இடம் அதிகபட்சம் 42 ஜிபி; அது நிறைந்தபின் 80 எம்பி. நிறுவனம் அதை மறைக்காமல் எழுதியிருக்கிறது, அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அந்த 80 எந்தக் கடை அலமாரியிலும் உங்கள் கண்ணில் படாது. பெயர் தெரியாத பல பொருள்களுக்கு விவரத்தாளே கிடையாது. உள்ளே எந்த வகை என்று கேட்டால், ‘எல்லாம் ஒன்றுதான் சார்’ என்பார்கள். ஒன்றல்ல. கடிதமும் கணக்கும் எழுதுகிறவருக்கு அந்த முற்றம் ஒருநாளும் நிறையாது, அவர் கியூஎல்சி வாங்கி நிம்மதியாக இருக்கலாம். ஒரே மூச்சில் 150 ஜிபி இறக்கும் நீங்கள் டிஎல்சி என்று எழுத்தில் உறுதி தரும் பொருளை மட்டும் வாங்க வேண்டும். இப்போது இருப்பதை, படித்துப் பார்க்க மட்டும் பயன்படும் பழைய கல்யாணங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி எழுதி எழுதித் தேய்ந்துவிடுமாமே?
– வாசகர், சேலம்

பதில்: தேயும். 500 ஜிபி டிஎல்சி பொருள்களில் பலவற்றுக்கு 300 டிபி எழுதும் வரை உத்தரவாதம் தருகிறார்கள். தினம் 20 ஜிபி எழுதினால் 41 ஆண்டு. அதற்கு முன் கணினியின் கீல் உடைந்துவிடும்.

கேள்வி: பழைய டிஸ்க்கை எஸ்எஸ்டிக்கு குளோன் செய்யும்போது (அப்படியே படியெடுக்கும்போது) மூலத்தையும் இலக்கையும் மாற்றித் தேர்வு செய்துவிட்டேன். இப்போது என்னிடம் இரண்டு வெற்று டிஸ்க்குகள் இருக்கின்றன. வேறு நகல் இல்லை. குழந்தையின் படங்கள் எல்லாம் அதில்தான்.
– வாசகர், சென்னை

பதில்: நகல் எடுக்காமல் இந்த வேலையில் இறங்காதீர்கள் என்று இப்பகுதியில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். திட்டுவதால் படம் திரும்பாது என்பதால் காரியத்துக்கு வருகிறேன். பழைய டிஸ்க்கை உடனே கழற்றி வையுங்கள். அதில் இனி ஒரு பைட்கூட எழுதக் கூடாது. வெற்று டிஸ்க்கை நகலெடுக்கும்போது பல மென்பொருள்கள் பகுதிகளின் பட்டியலை மட்டும் மாற்றி எழுதிவிட்டு நின்றுவிடும். படங்கள் தட்டிலேயே இருக்க வாய்ப்புண்டு. சுழலும் டிஸ்க் என்பது உங்கள் அதிர்ஷ்டம். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் டிரிம் என்னும் ஏற்பாடு அழித்ததைச் சுத்தமாகத் துடைத்திருக்கும். தெருமுனைக் கடையில் கொடுக்காமல், தரவு மீட்பை மட்டுமே தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள்.

கேள்வி: 2 டிபி எஸ்எஸ்டி 999 ரூபாய்க்கு விளம்பரம் வருகிறது. வாங்கலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: வேண்டாம். நான் ஒன்று வாங்கினேன், இந்தப் பகுதியை எழுதிக்கொண்டே. கணினி அதை 2 டிபி என்றுதான் காட்டியது. ஐம்பது ஜிபியைக் கொட்டினேன், ஏற்றுக்கொண்டது. பெருமையாக வீட்டில் காட்டினேன். மறுநாள் கோப்புகளின் பெயர்கள் இருந்தன, கோப்புகள் இல்லை. பிரித்துப் பார்த்தால் உள்ளே ஒரு சிறு மெமரி கார்டு பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. இல்லாத கொள்ளளவை இருப்பதாகப் பொய் சொல்லும்படி அதன் மென்பொருளை மாற்றிவிடுகிறார்கள். எஃப்3 என்ற இலவச நிரல் முழுக் கொள்ளளவும் எழுதிப் படித்து இந்தப் பொய்யைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அதற்கு முன் விலையே காட்டிக்கொடுத்துவிடுகிறது.

கேள்வி: எனது சிறிய மடிக்கணினியில் இருப்பது இஎம்எம்சி என்ற 64 ஜிபி சேமிப்பகம். அதைக் கழற்றி எஸ்எஸ்டி மாட்ட முடியுமா?
– மாணவி, நாகர்கோவில்

பதில்: முடியாது, பலகையோடு பற்றவைக்கப்பட்டது. தனியாக எம்.2 ஸ்லாட் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

கேள்வி: எஸ்எஸ்டி மாட்டியாயிற்று, நன்றாக இருக்கிறது. கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை டிவிடி டிரைவ் இருக்கும் இடத்தில் பொருத்தலாம் என்கிறார்கள். செய்யலாமா?
– வங்கி ஊழியர், புதுச்சேரி

பதில்: செய்யலாம். அதற்கான தட்டு, கேடி என்ற பெயரில், சென்னை ரிச்சி தெருவிலும் இணையத்திலும் கிடைக்கிறது. வாங்குமுன் டிவிடி டிரைவைக் கழற்றி அதன் தடிமனை அளந்துகொள்ளுங்கள், 9.5 மி.மீ., 12.7 மி.மீ. என்று இரண்டு அளவுகள் உண்டு. நான் அளக்காமல் வாங்கினேன். 12.7 தட்டு ஒன்று உறை பிரித்தபடி என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது; உங்களுடையது அந்த அளவென்றால் எழுதுங்கள், அனுப்பிவைக்கிறேன்.